அயலார் வெயில்

ஐப்பசி 22

அம்மையே, அப்பனே! கனலைக் கரத்திலும் கங்கையைச் சடையிலும் ஏந்திய பெருமானே! ஞாயிறும் திங்களும் தீயும் நின் மூன்று கண்கள் என்பர் பெரியோர். அவற்றுள் ஒன்றேனும் இந்த அடியேன் பக்கம் திரும்புக. எழுதும் கை நடுங்காதிருக்கவும், எழுதுவது பொய்யாகாதிருக்கவும் அருள் செய்க.

இன்று முதல் இந்நாட்குறிப்பு. உடம்பில் காணும் மாற்றங்களை எழுதி வருமாறு டாக்டர் செண்பகவல்லி பணித்தார். சென்ற சோமவாரத்தன்று பன்னிசை மன்றத்தில் வழிபாடு முடிந்து தரையிலிருந்து எழ முயன்றேன், முடியவில்லை. தொடைகள் இரண்டும் வேறு யாருடையனவோ போலக் கிடந்தன. பதினோராண்டுகளாக மன்றத்தில் முன்னிருந்து பதிகம் ஓதுபவன் நான். கூட்டம் முழுதும் பார்த்திருக்க, நயினார் வந்து அக்குளில் கை கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"என்னவே பிரமநாயகம், சாமி விட மாட்டேங்காரா?" என்றார். எல்லோரும் சிரித்தனர். வடிவும் சிரித்தாள்.

வடிவு என் மனைவி. நயினார் அவளுடைய அத்தை மகன். முதலில் அவருக்கே அவளைப் பேசி, சாதகம் பொருந்தாமையால் எனக்குக் கொடுத்தார்கள். இதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. தகவலுக்காக எழுதினேன்.

இரத்தப் பரிசோதனை முடிவு இன்று வந்தது. எனக்கு வைட்டமின் டி ஆறு. துணைக்கு வந்த நயினார், "ஒரு ஊசிக் குத்துதான, எனக்கும் எடும்மா" என்று கையை நீட்டியிருந்தார். அவருக்கு முப்பத்தெட்டு.

"இருபதுக்குக் கீழ போனாலே குறைவு சார். ஆறுன்னா எலும்பு வலி, தசைச் சோர்வு எல்லாம் வரத்தான் செய்யும். வெயில்ல போறதே இல்லையா?" என்று டாக்டர் கேட்டார்.

"தெனமும் விடியக்காலம் சூரியனக் கும்பிடுதேன்ம்மா. ஒரு நாள் தவறுனதில்ல."

"கும்பிடுங்க, நல்லதுதான். ஆனா சாஞ்ச வெயில்ல அந்தக் கதிர் வராது சார். உச்சி வெயில் கொஞ்ச நேரம் கை, கால், முதுகுல படணும்."

"அது நமக்கு வாழைத்தோட்டத்துல ஓசியாக் கெடைக்கி" என்றார் நயினார். சட்டை அணியாமலே பாதிப் பகலைக் கழிப்பவர் அவர்.

டாக்டர் பொடி மருந்து எழுதித் தந்தார். வாரம் ஒரு பொட்டலம், பாலில் கலந்து, எட்டு வாரம்.

வீட்டில் வடிவு, "அத்தானுக்கு முப்பத்தெட்டா! அவிய பள்ளிக்கூடத்துலயே நல்ல மார்க்கு வாங்குவாவ" என்றாள்.

இரவு, பொட்டலங்கள் எட்டையும் எண்ணிப் பூசை மாடத்தில் வைத்தேன்.

ஐப்பசி 25

உச்சிப் பொழுதில் மொட்டை மாடியில் துண்டு விரித்து அமர்ந்தேன். வடிவு அங்கே வடகம் பிழிந்து வைத்திருந்தாள். என்னைக் கண்டதும், "காக்கா வந்தா வெரட்டுங்க. சும்மாதான இருக்கிய" என்றாள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் குழல் விளக்கின் கீழே முப்பத்தாறு ஆண்டுகள். பின்பு பூசையறையில் அகல் விளக்கின் கீழே. எனக்கு வாய்த்த ஒளி அவ்வளவே. மாடியிலிருந்து பார்த்தால் ஆற்றங்கரை வாழைத்தோட்டம் தெரிகிறது. அங்கே ஒரு சிறிய கறுத்த உருவம் மண்வெட்டியோடு நடமாடியது. நான் எழுந்து துண்டை மறுபக்கம் திருப்பி விரித்தேன்.

ஐப்பசி 28

செய்தித்தாளின் மருத்துவ இணைப்பில் வைட்டமின் டி பற்றி முழுப்பக்கக் கட்டுரை. எலும்பு தேய்தல், தசை தளர்தல், நெஞ்சு நோய், சர்க்கரை, மனச்சோர்வு, நினைவுக் குறைவு, அடிக்கடி சளி, இவை யாவும் இது குறைந்தோரிடம் கூடுதலாகக் காணப்படுகின்றனவாம்.

வாசிக்க வாசிக்க, நயினாரின் உருவம் ஒவ்வோர் உறுப்பாக என் முன் வந்து நின்றது. சர்க்கரை இல்லை. மூச்சு வாங்குவதில்லை. மனைவி மறைந்த பின்னும் முகம் வாடவில்லை. மேல் நிலையில் குரல் எட்டுகிறது. மார்கழியில் சளி பிடிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மூலம் அந்த முப்பத்தெட்டு. இத்தனை காலம் அதை இறைவன் தந்த வரமென்று மயங்கி, இறைவனிடமே மனத்தாங்கல் கொண்டிருந்தேன். வரமன்று, வெயில்.

டாக்டரிடம் தொலைபேசியில் கேட்டேன். "எலும்புக்கும் தசைக்கும் உறுதியாச் சொல்லலாம் சார். மத்ததெல்லாம் சேந்து காணப்படுதுன்னுதான் சொல்றாங்க, அதனாலதான் வருதுன்னு இல்ல. நோயாளி வீட்டுக்குள்ளயே கிடப்பாரு, வெயில் படாது, அதனாலகூடக் குறையலாம். எது முன்னாடி, எது பின்னாடின்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குது" என்றார்.

இளவயது. எச்சரிக்கையாகப் பேசுகிறார்.

மாலையில் ஒரு குறட்பா தானே அமைந்தது:

வெயிலால் வளரும் உடலென்பர் நெஞ்சோ
அயலார் வெயிலால் அழும்.

தளை தட்டவில்லை. பொருள்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

கார்த்திகை 1

மன்றச் செயலாளர் சுப்பையா வந்திருந்தார். காப்பியைக் குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றியே பேசினார். பிறகு, "அண்ணாச்சி, மார்கழி முற்றோதல் இருக்குல்லா. காலையில ஒக்காந்தா சாயங்காலம்தான் எந்திக்கணும். ஒங்களுக்கு ஒடம்பு செரியில்ல. இந்த வருசம் நயினார் அண்ணாச்சி முன்னால இருக்கட்டும்னு எல்லாரும் பிரியப்படுதாவ" என்றார்.

"எல்லாரும்னா ஆரு?"

"எல்லாருந்தான் அண்ணாச்சி."

"நயினாரு கேட்டாரா?"

"அவிய கேக்கல. கேட்டா மாட்டேன்னா சொல்லப் போறாவ?"

இதைப் படிக்க நேரும் பிறருக்காக: முற்றோதல் என்பது பதிகத் தொகுதி முழுவதையும் ஒரே பகலில் ஓதி முடிப்பது. முன்னிருப்பவர் ஓர் அடி சொல்ல, கூட்டம் அதை வழி ஓதும். எங்கள் மன்றத்தில் முன்னிருப்பவர் ஏடு பார்ப்பதில்லை. அவர் எதை எடுத்தாலும் கூட்டம் பின்பற்றும். இடைமறித்துத் திருத்துவது அபசாரம். அந்த இருக்கை எனக்குப் பதவியன்று. ஆண்டு முழுதும் நான் மூச்சு விடுவதே அதற்காகத்தான்.

மார்கழி முதல் வாரத்தில் என் உடல்நிலை பார்த்து முடிவு செய்யலாம் என்று சுப்பையாவிடம் வாக்கு வாங்கினேன்.

வாரம் ஒன்று என்னும் கணக்கில் நயினாரை எப்போது எட்டுவது? நோய் தீர்க்கும் பதிகத்தை ஒரு மண்டலம் நாள்தோறும் ஓதுவது நம் முறை. மருந்தும் மண்டலக் கணக்கில் உண்பதே முன்னோர் வழக்கம். ஓதலும் மருந்தும் ஒன்றாகவே நடக்கட்டும்.

கார்த்திகை 2

தொடங்கினேன். பொட்டலத்தைப் பூசைப் பாலில் கலந்து, நிவேதித்து, பிரசாதமாக உட்கொண்டேன்.

கார்த்திகை 9

சோமவாரம். நயினாருக்கு இங்கேதான் உணவு. அவியலில் முருங்கைக்காய்த் துண்டுகள் அவர் இலைக்கு நான்கு, என் இலைக்கு இரண்டு.

"வே, ஒம்ம நம்பர் இப்ப எத்தன?" என்றார் அவர்.

"பரீட்சைக்கு நாள் இருக்கு."

"வெயிலு வேணும்னா தோட்டத்துக்கு வாருமே. நாலு கன்னுக்கு மண்ணு அணைச்சாப் போதும், தன்னால ஏறும். எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல."

"கூப்புடுதாவல்லா, போங்களேன்" என்றாள் வடிவு.

அவருடைய வெயிலில் பங்கு எனக்கு வேண்டாம்.

பொட்டலங்கள் தீர்ந்தன. ரத வீதிக் கடைகளில் மாறி மாறி வாங்குகிறேன். யாருக்கென்று ஒருவர் கேட்டார். வீட்டில் எல்லோருக்கும் என்றேன். எம் வீட்டில் இறைவனும் இருப்பதால் அது பொய்யாகாது.

கார்த்திகை 21

தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தேன்! தொடை வலி பாதியாயிற்று. வடிவை அழைத்து மீண்டும் எழுந்து காட்டினேன். அவள் கண் கலங்கிற்று. "அத்தானக் கூட்டிட்டு வரட்டுமா? அவியளும் பாக்கட்டும்" என்றாள்.

வேண்டாம் என்றேன்.

தாகம் மிகுதி. மாடி வெயில் உடம்பைக் காய்ச்சுகிறது போலும்.

கார்த்திகை 28

வடிவின் சமையலில் முன்னைய ருசி இல்லை. ரசம் மண் போல் இருக்கிறது. மலச்சிக்கல். இரவெல்லாம் சிறுநீருக்கு எழ வேண்டியிருக்கிறது. செம்பு செம்பாக நீர் குடித்தால் வேறென்ன ஆகும்?

மார்கழி 4

நூற்று நாற்பத்திரண்டு!

பரிசோதனை நிலையத்துப் பெண் தாளைக் கொடுக்கும்போது, "தாத்தா, டாக்டர்கிட்ட உடனே காட்டிருங்க" என்றாள். எண்ணுக்கு எதிரே 'அதிகம்' என்று அச்சிட்டு, மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் இட்டிருந்தார்கள். முதல் வகுப்பில் தேறியவன் பெயருக்கு எதிரே இடுவதுபோல.

நேரே சுப்பையாவிடம் சென்றேன். அவர் முன்னிலையில் தரையில் அமர்ந்து எழுந்து காட்டினேன். இருக்கை எனக்கே என்று உறுதியாயிற்று.

திரும்பும் வழியில் நயினாரைத் தோட்டத்து வரப்பில் கண்டேன். தாளை நீட்டினேன். கண்ணாடி இல்லாமல், கையை எட்ட நீட்டிப் பிடித்து வாசித்தார். நெடுநேரம் பேசவில்லை. பொறாமை ஒரு மனிதனை எப்படி ஊமையாக்குகிறது என்று கண்ணெதிரே பார்த்தேன்.

"டாக்டரம்மாட்ட காட்டுனீரா?"

"எதுக்கு?"

"என்னவே எதுக்குங்கீரு? நூறு வெயிலு ஒருமிக்க அடிச்சாலும் இப்பிடி ஏறாதுவே."

"ஒமக்கு முப்பத்தெட்டு போதும்னா எனக்கும் போதுமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். வீடு சேர்வதற்குள் இருமுறை தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

மார்கழி 11

நகம் வெட்டினேன். பூசைப் பாத்திரங்களைப் புளியிட்டுத் துலக்கினேன். முற்றோதலுக்குப் பட்டு வேட்டியை எடுத்து வைக்குமாறு வடிவிடம் சொன்னேன்.

மார்கழி 11

பூசைப் பாத்திரங்களைப் புளியிட்டுத் துலக்கினேன். முன்பே பளபளப்பாகத்தான் இருந்தன. நகம் வெட்ட அமர்ந்தால், வெட்டுவதற்கு நகம் இல்லை. பட்டு வேட்டியை எடுத்து வைக்குமாறு வடிவிடம் சொன்னேன். "எத்தன மட்டம்தான் சொல்லுவிய?" என்று சலித்துக்கொண்டாள். வயது ஏற ஏறப் பெண்களுக்குப் பொறுமை குறைகிறது.

மார்கழி 14

டாக்டரிடம் போவோம் என்று வடிவு பிடிவாதம் செய்தாள். முற்றோதல் முடியட்டும் என்றேன். "அத்தானும் டாக்டர்ட்ட போகத்தான் சொல்லுதாவ" என்றாள். அதன் பின் எப்படிப் போவது?

மார்கழி 16

முற்றோதல் நிறைவுற்றது. இதுவரை நான் கண்டிராத முற்றோதல்.

குரல் ஒரே சீராக நின்றது. காலில் வலி இல்லை. பதிகங்கள் தாமே வந்து நாவில் அமர்ந்தன. வந்த பதிகமே மீண்டும் வந்து அமர்வதுபோல் அவ்வளவு இயல்பாக. கூட்டத்தின் ஈடுபாட்டை என்னென்பது! ஓர் இடத்தில் மட்டும் பின்வரிசையில் சற்றே சலசலப்பு. அப்போது நயினார் எழுந்து, வரிசை வரிசையாகக் குனிந்து ஒவ்வொருவர் காதிலும் ஏதோ சொல்லி வந்தார். நான் ஓதும்போது எழுந்து நடமாடும் அளவுக்கு அவருடைய மனம் நிலைகொள்ளவில்லை. அதன்பின் கூட்டம் முன்னிலும் உரக்க வழி ஓதியது. வடிவு முன்வரிசையில் அமர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்களில் நீர். பக்தி.

விளக்கு வைத்து நெடுநேரம் கழிந்தே நிறைவு செய்தோம். அன்னம் ஆறிவிட்டது. எனக்கு வாந்தி.

நாளைக்குப் பட்டு வேட்டியை எடுத்து வைக்க வேண்டும். முற்றோதல் இருக்கிறது.

மார்கழி 25

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனைக் கட்டில். இடையிலுள்ள நாட்களை எழுத இயலாது. அவை என்னிடம் இல்லை. முற்றோதலுக்கு மறுநாள் வடிவின் பெயரை நான் மறந்தேனாம். நயினார் கார் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

செண்பகவல்லி இங்கும் வந்து பார்த்தார். "வாரத்துக்கு ஒண்ணுன்னு தெளிவாச் சொன்னேனே சார்?"

"மண்டலம் இருந்தேன்ம்மா."

"மண்டலமா?" எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "தினம் ஒண்ணா? சார், இது தண்ணியில கரையுற வைட்டமின் இல்ல, மிஞ்சுனது வெளிய போறதுக்கு. கொழுப்புல தங்கிரும். ரத்தத்துல கால்சியம் எக்கச்சக்கமா ஏறிப்போச்சு. தாகம், வாந்தி, மலச்சிக்கல், மறதி, எல்லாம் அதோட வேலை. கிட்னி முழுசாப் போகாம தப்பிச்சது உங்க அதிர்ஷ்டம்."

"நூத்தி நாப்பத்திரண்டு வந்துச்சே அம்மா. நல்ல எண் இல்லையா?"

"அது மார்க் இல்ல சார்" என்றார். சினம் தணிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "தேவையான அளவு வந்தாப் போதும். அதுக்கு மேல ஏற ஏற நல்லதுன்னு ஒண்ணு இல்ல."

இனி மறு உத்தரவு வரை அந்த மருந்து இல்லை. மாடி வெயிலும் இல்லை.

மார்கழி 27

சுப்பையா ஆப்பிளோடு வந்தார். நலம் விசாரித்தார். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணாச்சி, ஒரே பதிகத்த நாலு மட்டம் பாடுனியளே, எங்களுக்கெல்லாம் தெகைப்பு. ரெண்டு மூணு பேரு சிரிக்கக்கூடச் செஞ்சாங்க. நயினார் அண்ணாச்சிதான் எந்திச்சி வந்து, 'அவரு எத எடுத்தாலும் வழி ஓதுங்க. ஒருத்தன் பல்லக் காட்டுனாலும் வெளிய தள்ளிருவேன்'னு சொல்லிட்டுப் போனாவ. நாங்களும் நாலு மட்டமும் ஓதுனோம்லா!"

வடிவு ஆப்பிளை நறுக்குவதை நிறுத்தினாள். "ஒமக்கு வேற சோலி இல்லையா சுப்பையா?" என்றாள். அவர் போய்விட்டார்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். இத்தனை காலம் அவருடைய எலும்பின் மேல் பொறாமை கொண்டேன், குரலின் மேல் கொண்டேன், இலையில் விழுந்த முருங்கைக்காயின் மேலும் கொண்டேன். இன்று அவருடைய குணத்தின் மேலும் கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்கு மருந்தும் இல்லை, பரிசோதனையும் இல்லை.

தை 3

வீடு திரும்பினேன். பொங்கல், நான் இங்கே இல்லாமலே கழிந்தது. நயினார் ஒரு தார் கதலி கொண்டுவந்து வைத்துவிட்டு, எனக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்தார். வடிவு அடுக்களையில் இருந்தாள்.

"ஏம்வே அப்பிடிச் செஞ்சீரு?" என்று கேட்டேன்.

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காதியும். என்னத் தடுத்து நிறுத்தியிருக்கலாம்லா? அந்த எடம் ஒமக்கு வந்திருக்கும்."

நயினார் தலையைச் சொறிந்தார். "நெசத்தச் சொல்லட்டா? நான் ஒமக்காகச் செய்யல வே. வடிவு முன்னால இருந்தா. நீரு ரெண்டாந்தடவ அதே பதிகத்த எடுத்ததும் அவ மொகம் போன போக்கப் பாத்தேன். சபையில அவ தலை குனியக் கூடாதுல்லா."

பொருமலோ வெட்கமோ இல்லாமல், நாளைய மழையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். ஐம்பதாண்டுகளாக நான் ஒட்டுக்கேட்க முயன்ற வாக்கியத்தை அவர் என் கையிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார். அதை என்ன செய்வதென்று தெரியாமல், "காப்பி குடிக்கீரா?" என்றேன்.

"குடிக்காம போவேனா?" என்றார்.

தை 5

இரவெல்லாம் எண்ணி, காலையில் வடிவிடம் சொன்னேன். "பூசத்துக்கு மன்றத்துல நயினாரே முன்னால இருக்கட்டும். இனிமே எப்பவும் அவரே இருக்கட்டும். ஒனக்கும் அதான பிரியம்?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "எனக்கு என்ன பிரியம்னு இப்பத்தான் கேக்கிய."

"சொல்லு."

"அத்தான் முன்னால இருந்தா நல்லாத்தான் இருக்கும். அது எனக்கு எதுக்கு? பதினோரு வருசமா நீங்க முன்னால போயி எல்லாரயும் பாத்து ஒக்காந்துகிட்டிய. எல்லா வீட்டுலயும் புருசன் பொண்டாட்டி சேந்து ஒக்காந்து ஓதுதாவ. நான் எதுக்கால ஒக்காந்து, ஒங்களுக்கு எங்கயாவது வாய் கொழறிருமோன்னு பயந்துகிட்டே ஓதுதேன். ஒரு பதிகம், ஒரே ஒரு பதிகம் பயமில்லாம ஓதுனதில்ல. என் பக்கத்துல வந்து ஒக்காருங்க. அதான் என் பிரியம்."

கீரையில் பாதியை என் பக்கம் இழுத்து ஆய்ந்தேன். முற்றிய தண்டையெல்லாம் நல்லதோடு சேர்த்துவிட்டேன் என்று ஏசினாள்.

தை, பூச நாள்

நயினார் முன்னிருந்து ஓதினார். நான் மூன்றாம் வரிசையில், நடைபாதை ஓரம். என் பக்கத்தில் வடிவு.

என்னைவிட நன்றாக ஓதினார். எழுதும் கை பொய் சொல்லாதிருக்க வேண்டுமென்று முதல் நாளிலேயே வேண்டிக்கொண்டவன், ஆகையால் எழுதுகிறேன். மேல் நிலையில் அவர் குரல் எழுந்தபோது என் நெஞ்சில் பழைய எரிச்சலும் எழுந்தது. அது போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஓர் அடியில் சுருதி இம்மி பிசகிற்று. எனக்குள்ளே சிறு மகிழ்ச்சி. அதற்காக உடனே வருந்தினேன். வருந்தி முடிப்பதற்குள் அடுத்த அடி வந்துவிட்டது, வழி ஓத வேண்டியிருந்தது.

அப்போதுதான் வடிவின் குரலைக் கேட்டேன். முன்னிருக்கும் இடத்திலிருந்து கூட்டத்தின் குரல் மட்டுமே கேட்கும். தனியொருத்தி குரல் கேட்காது. கீழ் நிலையில், அடக்கமாக, ஓரிடத்திலும் பிழையில்லாமல் ஓதினாள். பதிகம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். மணம் முடித்து ஐம்பதாண்டுகளுக்கு மேலாகியும் எனக்கு இது தெரியாது. இன்று நயினாருக்கு அது கேட்டிருக்க வழியில்லை. அவர் முன்னால் அல்லவா இருந்தார்!

இதை என்றேனும் எடுத்து வாசிக்கும் அன்பர்க்கு: நும் வீட்டு முற்றத்தில் வேண்டுமளவு வெயிலும், உலையில் வேண்டுமளவு அரிசியும் என்றும் இருப்பதாக. மருந்து மருத்துவர் சொன்ன அளவிலும், அன்பு எவரும் சொல்லாத அளவிலும் அமைவதாக. நும் குடும்பத்தார் எலும்பில் உரமும் நாவில் நல்ல தமிழும் நிலைக்க, நெஞ்சில் அழுக்காறு தங்காதொழிய, அம்மையும் அப்பனும் நும்மைக் காப்பார்களாக.